கூப்பன் வரிசை

"வட்டி, கேன்டீன் மூழ்கப் போகுதாமே? நீதான் வகுப்புல சொன்னியாம்?"

நெட்டைத் தோழி மூச்சு வாங்க ஓடி வந்து கேட்டதும் அவள் சட்டென்று எழுந்து நின்றாள். அவள் படிப்பது வணிக நிர்வாகம், நிதிப் பிரிவு, மூன்றாம் ஆண்டு. இரவல் கொடுத்த பேனாவைக்கூட மறக்காமல் திருப்பிக் கேட்பவள் என்பதால் 'வட்டி' என்ற பெயர் அவளுக்கு நிலைத்துவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். போட்டவர்கள் எல்லோரும் ஒரே நாளில் வந்து பணத்தைக் கேட்டால் நல்ல வங்கிகூடப் படுத்துவிடும் என்று காலையில் பேராசிரியர் விளக்கிக்கொண்டிருந்தார். நம் பக்கத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்றார். அவள் எழுந்து நம் கேன்டீனையே சொல்லலாம் என்றாள். மாதத் தொடக்கத்தில் எல்லோரும் கூப்பன் புத்தகம் வாங்குகிறோம். அந்தப் பணம் அரிசியாகவும் எண்ணெயாகவும் புது ஃப்ரிட்ஜாகவும் மாறிவிடுகிறது. இன்றைக்கே எல்லோரும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் கேன்டீன் அண்ணன் எங்கே போவார்? பேராசிரியர் அருமை என்றார். கடைசி பெஞ்சுக்காரர்கள் 'உதாரணம்' என்பதை வகுப்பிலேயே விட்டுவிட்டு, மீதியை மட்டும் வெளியே எடுத்துப் போனார்கள்.

அடுத்த வகுப்பு முடிவதற்குள் செய்திக்குக் கைகால் முளைத்துவிட்டது. அண்ணன் கழுத்தளவு கடனில் இருக்கிறார் என்றது கணினிப் பிரிவு. இரவோடு இரவாகக் கிளம்புகிறார் என்றது நூலகம்.

இருவரும் கேன்டீனுக்கு ஓடினார்கள். வரிசை படியிறங்கி சைக்கிள் கொட்டகைவரை போயிருந்தது. வேண்டாதவர்கள் புத்தகத்தைத் தந்து மீதிப் பணத்தைப் பெறலாம் என்று அண்ணன் தன் கையால் எழுதி மாட்டிய அட்டையை ஒருவன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். கல்லூரி மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். பணம் தரவில்லை என்று ஒரு புகார் வந்தாலும் நாளைக்கே கேன்டீன் வேறு ஆளுக்கு என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருந்தார்.

அவளால் நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வரிசையில் ஒவ்வொருவரிடமும் போய், அது வெறும் உதாரணம், கடை நன்றாகத்தான் ஓடுகிறது என்று சொல்லிப் பார்த்தாள்.

"உதாரணமே இந்த லட்சணம்னா, உள்ள நிஜம் எப்படி இருக்குமோ," என்றான் ஒரு கண்ணாடிக்காரன். அவனுக்குப் பின்னால் மேலும் நாலு பேர் வந்து நின்றார்கள்.

தோழி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "நீ இல்ல இல்லன்னு சொல்லச் சொல்லத்தான் வரிசை நீளுது. வாயை மூடிட்டு வாடி. உனக்கென்ன வந்துச்சு? இந்த ஆள் போனா வேற ஆள் வரப்போறாரு. டீ டீயாத்தானே இருக்கும்?"

அவள் அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை கல்லாவைத் திறக்கும்போதும் அவர் விரல்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே போய்த் துழாவின. வரிசையோ பாதிகூடக் குறையவில்லை.

படித்த பாடத்தின் மறுபாதி அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எடுக்க வந்த கூட்டத்தை, கொடுத்துக் கொடுத்துக் கலைக்க முடியாது. போட ஒருவர் வர வேண்டும்.

முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று தோழியிடம் சொல்லிவிட்டு சமையலறைப் பக்கம் போனாள். திரும்பி வந்தவள் வரிசையில் நிற்காமல் நேராகக் கவுண்டருக்குப் போனாள்.

"அண்ணே, மூணு புத்தகம் குடுங்க."

சலசலப்பு அடங்கியது. அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இப்பவா?"

"ஆமாண்ணே. பரீட்சை வருது, அப்புறம் நேரம் கிடைக்காது. நல்லா எண்ணிப் பார்த்துக்குங்க."

எல்லோர் கண்ணிலும் படும்படி நோட்டுகளை வைத்தாள். அண்ணன் ஒரு கணம் அந்த நோட்டுகளையே பார்த்தார். பிறகு விரலை நனைத்துக்கொண்டு, அவசரமே இல்லாதவர்போல ஒவ்வொன்றாக எண்ணினார்.

முதலில் நின்றவன் நீட்டிய புத்தகத்தைப் பாதியில் இழுத்துக்கொண்டான். "குடுத்த பேனாவையே நம்பி விட்டுவைக்காதவ இவ. இவளே மூணு புத்தகம் வாங்குறான்னா, நாம எதுக்குடா வெயில்ல நிக்கிறோம்?"

யாரோ சிரித்தார்கள். வரிசை வாலிலிருந்து கரைந்தது. பணத்தைத் திரும்ப வாங்கியவர்களில் இரண்டு பேர் தலையைச் சொறிந்தபடி மறுபடி வந்து புத்தகம் கேட்டார்கள். டீ குடிக்க வந்த பேராசிரியரும் ஒன்று வாங்கிக்கொண்டார். மேலாளர் கட்டிய கையைப் பிரித்து, சர்க்கரை குறைவாக ஒரு டீ சொன்னார்.

தோழி அவள் முதுகில் தட்டிவிட்டுப் போனாள். எல்லோரும் போகட்டும் என்று அவள் நூலக வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். கல்லூரி காலியானதும் பின்கதவு வழியாகக் கேன்டீனுக்குள் போனாள்.

அண்ணன் டம்ளர்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார். "நாளைக்குக் காய்கறி வாங்க மாவு டப்பாவுல ஒளிச்சு வெச்ச பணம். அதை எடுத்து என்கிட்டயே நீட்டுற. மாவு ஒட்டின நோட்டைப் பார்த்ததும் எனக்கு வேர்த்துடுச்சு."

"வேற வழி தெரியல." அவள் மூன்று புத்தகங்களையும் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

"நீ என் பொண்ணுன்னு தெரிஞ்சா உன் வகுப்பு மொத்தமும் கடன் சொல்லும்னுதான் முதல் நாளே உன் வாயைக் கட்டினேன்," என்றார் அவர். "இன்னிக்கு அது தெரிஞ்சிருந்தா, வரிசையில ஒருத்தன்கூட நகர்ந்திருக்க மாட்டான்."