கரையோரத்து மிருகம்

அந்நியக் கப்பலுக்கு மொழிபெயர்ப்பாளனாகப் பிடித்துச் செல்லப்பட்ட காத்தையன், பல வருடங்களுக்குப் பிறகு சொந்த ஊரின் கரையைக் கப்பலிலிருந்து பார்த்தான். பனைகளுக்கு நடுவே கூரைகள் தெரிந்தன. வரைபடம் வரைகிற துரை அவன் பக்கத்தில் வந்து நின்று, "இங்கே இறங்கலாமா?" என்று கேட்டார்.

காத்தையன், "வேண்டாம் துரை. இந்தக் கடல்ல ஒரு மிருகம் கெடக்கு. கப்பலையே கவுத்திரும்" என்றான்.

கப்பலில் சமையல் செய்யும் நல்லமாடனும் அதே ஊர்க்காரன். துரை நகர்ந்ததும் ஓடிவந்து காத்தையனின் கையைப் பிடித்தான்.

"ஏலே, இது நம்ம ஊருல்லா! ஒனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?"

"தெரியும்லே. போன மாசம் இவங்க எறங்குன ஊரு என்னாச்சுன்னு நீயும் பாத்தேல்லா?"

அந்த ஊர் எரிந்த வாடை கப்பலின் பாய்களை விட்டு இன்னும் போகவில்லை. நல்லமாடன் பிடித்த கையை மெல்ல விட்டான்.

கப்பல் திரும்பியது. துரை தாளை விரித்துக்கொண்டு, மிருகத்துக்குக் கொம்பு உண்டா, செதில் உண்டா, வால் எவ்வளவு நீளம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காத்தையன் அலுப்போடு வாயில் வந்ததைச் சொன்னான். கரையில் மீன் உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து, நெற்றியில் கைவைத்துக் கப்பலைப் பார்த்தாள். முகம் தெரியாத தூரம்.

"கண் எப்படி இருக்கும்?" என்றார் துரை.

"மூடவே மூடாது துரை" என்றான் காத்தையன், கரையிலிருந்து பார்வையை எடுக்காமல்.