ஞானத்தாயின் கையெழுத்து

காலையிலிருந்து உப்பு வாரியதில் முழங்கால் இரண்டும் எரிந்தன. வரப்பில் உட்கார்ந்தபோது கைக்கடிகாரம் அதிர்ந்தது. என் பொறுப்பில் இருக்கும் அகதி யோகராணி மீன்பிடித் துறையில் நிற்பதாகக் காட்டியது.

அகதிகளைத் திருப்பி அனுப்பாதீர்கள் என்று ஆயர்கள் டெல்லியில் எட்டு வருஷம் மன்றாடி வாங்கிய சட்டம் இது. ஒவ்வொரு அகதிக்கும் உள்ளூர்க்காரர் ஒருவர் ஞானத்தாயாகவோ ஞானத்தகப்பனாகவோ நின்று கையெழுத்துப் போட வேண்டும். அகதி ஓடிப்போனால் நாம் முகாமுக்குப் போக வேண்டும். முந்திப் புகார் கொடுத்தால் நாம் தப்பலாம், பிடிபட்ட அகதியைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பொய்ப் புகார் கொடுத்தாலும் நமக்கு முகாம்தான். பூசையில் பங்குச்சாமி கேட்டார். நான் கைதூக்கிவிட்டேன்.

துறையில் இவளுக்கு என்ன வேலை? படகு பேசுகிறாளோ?

"அப்பவே சொன்னேன்ல, சகாயமேரி," என்றாள் பக்கத்துப் பாத்தி செல்சியா, என் கடிகாரத்தை எட்டிப் பார்த்து. "அக்கரைக்காரி நிலைக்க மாட்டா. அவ போயிருவா, நீ உள்ள போயி களி தின்னு."

கடிகாரத்தில் 'தப்பிவிட்டாள்' என்ற பொத்தானை அமுக்கினேன்.

அரைமணியில் அதிகாரிகள் அவளைப் பிடித்து ஜீப்பில் கொண்டுவந்தார்கள். யோகராணி கையில் ஒரு பை சாளை மீன்.

"ஒரு நாளாவது மீன் வாங்கியர மாட்டியோ எண்டு காலமை நீங்கள்தானே அக்கா கேட்டனீங்கள்?"

கேலியாகத்தான் கேட்டிருந்தேன்.

"நீங்க அனுப்புனீங்களாம்மா?" என்றார் அதிகாரி.

"எனக்குத் தெரியாதுய்யா," என்றேன், முழங்காலைத் தடவிக்கொண்டே.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பையை நீட்டினாள். "பழுதாப் போயிடும். ஆக்குங்கோ."

வெள்ளிக்கிழமை அவளை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குக் கப்பல் கிளம்புகிறது. 'நான்தான் அனுப்பினேன்' என்ற ஒரு வார்த்தை அவளுக்கு நான் இன்னும் பாக்கி.