தளர்ந்த திருகாணி

எத்திராஜின் ரிமோட் விமானத்தில் வாலைப் பிடித்திருந்த திருகாணி, மைதானத்துக்கு வரும் வழியிலேயே தான் தளர்ந்துவிட்டதை உணர்ந்தது.

"இறக்கையண்ணே, நான் கொஞ்சம் ஆடுறேன்."

"வாயைத் திறக்காதே," என்றது இறக்கை. "மூணு வாரமா மழைன்னு பரண்ல கிடந்தோம். இன்னைக்கும் உன்னால பறக்காம திரும்பணுமா? போன தடவை நல்லாத்தானே பறந்தோம்?"

போன தடவையை இந்தத் தடவைக்குச் சான்றாகக் காட்டுவது இறக்கைகளின் தர்க்கம். திருகாணிக்கும் பறக்க ஆசைதான். ஆனால் பனைமர உயரத்தில் வால் கழன்றால், பிறகு இறக்கையை முறத்தில்தான் அள்ள வேண்டியிருக்கும்.

பறக்கவிடும் முன் எத்திராஜ் முப்பது தப்படி தள்ளி நின்று, ரிமோட்டால் வாலை ஆட்டிப் பார்ப்பது வழக்கம். அன்றும் ஆட்டினார். வால் இடப்பக்கம் திரும்பியதும் திருகாணி கண்ணை மூடிக்கொண்டு புல்லில் குதித்தது. வால் தொங்கிவிட்டது.

"துரோகி," என்றது இறக்கை.

எத்திராஜ் ஓடிவந்து புல்லைத் துழாவித் திருகாணியை எடுத்தார். துடைத்து, ஒரு சொட்டுப் பசை வைத்து இறுக முறுக்கினார். கால் மணி நேரத்தில் விமானம் வானத்தில் இருந்தது.

சாய்ந்து வட்டமடித்தபடி இறக்கை சொன்னது: "பார்த்தியா? ஒண்ணும் ஆகலை. அப்பவே சொன்னேன்ல?"

திருகாணிக்கு வாலைப் பிடித்துக்கொள்ளும் வேலை இருந்தது. தவிர, மேலிருந்து பார்க்க ஏரி அழகாக இருந்தது.