பிடிக்குள் ஒரு சத்தம்

ஒரு பழைய ரிவால்வரின் பிடியில் இரண்டு மரக்கட்டைகள் இருந்தன. முதுகோடு முதுகாக இருந்ததால் ஒன்றின் முகத்தை மற்றொன்று பார்த்ததே இல்லை. நடுவே நுழைந்த ஒரு திருகாணிதான் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தது.

ஒரு நாள் திருப்புளி வந்தது.

"துப்பாக்கி இனி சுடாது. பிடியில் தேறுவதை மட்டும் கழற்றப் போகிறேன். யாருக்காவது விரிசல் உண்டா?"

"எனக்கில்லை," என்றது இடக்கட்டை. "அந்தப் பக்கத்தானைப் பாருங்க. யார் இறுக்கிப் பிடிச்சாலும் கிரீச்சுன்னு சத்தம் வரும்."

"சத்தமே அவன்கிட்டேருந்துதான் வருது. எத்தனை வருஷமா கேக்கறேன்," என்றது வலக்கட்டை.

திருப்புளி திருகாணியிடம் குனிந்தது. "நடுவில் இருப்பவன் நீ. உனக்குத் தெரியாதா?"

"எனக்கெதுக்கு வம்பு? ரெண்டு பேருமே பொய் சொல்ற ஆளுங்க இல்லை. அதை மட்டும் சொல்லுவேன்."

அப்படியானால் இரண்டிலுமே விரிசல், அதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்த திருப்புளி, திருகாணியைச் சுழற்றியது. அது கிரீச்சென்று வெளியே வந்தது. கட்டைகள் இரண்டும் அடுப்பெரிக்கும் விறகுக் கூடையில் எதிரெதிராக விழுந்தன. அப்போதுதான் ஒன்றையொன்று பார்த்தன. இரண்டிலும் ஒரு கீறல்கூட இல்லை.

திருகாணி வேறொரு ரிவால்வரில், இரண்டு புதுக் கட்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தது. மறுநாள் யாரோ பிடியை இறுக்கினார்கள்.

"என்னண்ணே சத்தம்?" என்றது புது இடக்கட்டை.

திருகாணி குரலைத் தாழ்த்தியது. "உன்கிட்ட மட்டும் சொல்றேன். அந்தப் பக்கம் ஒரு கண்ணு வச்சுக்க."