கத்தி மட்டும் போதும்

"ஆபத்துதானே? நெஜமான ஆபத்துதானே?"

போனில் அந்தப் பெண் மறுபடியும் அதையே கேட்டபோதுதான் ராய்ஸுக்கு உறுத்தியது.

தெற்கு டெக்சாஸில் காட்டுப்பன்றி வேட்டைக்கு ஆள் கூட்டிப் போவது அவன் பிழைப்பு. காசு கட்டி வருகிறவர்கள் எல்லோரும் ஆபத்து உண்டா என்று கேட்பார்கள். இல்லை என்றால் நிம்மதியாவார்கள். இந்த கார்லீனுக்கு, உண்டு என்று சொன்னால்தான் நிம்மதி போலிருந்தது. அவள் கணவன் வெல்டனுக்குப் பிறந்தநாள் பரிசாம் இந்த வேட்டை.

"ராத்திரி வேட்டைன்னா பயமே இல்ல மேடம். இருட்டுல பன்னியோட உடம்புச் சூட்டைக் காட்டுற தொலைநோக்கி வச்ச துப்பாக்கி எங்கிட்ட நெறைய இருக்கு. மேடையில உக்காந்தே சுடலாம். சட்டை கசங்காது."

"வேணாம். பகல்லயே போங்க. நாய விட்டுப் பிடிச்சு, அவரே கிட்டப் போயிக் குத்தணும். கத்தி மட்டும் போதும். துப்பாக்கி எதையும் எடுத்துட்டு வராதீங்க."

"சரி மேடம்."

"ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரன் தகராறு பண்ண மாட்டானே?"

ராய்ஸ் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தான்.

"அப்புறம், உங்க விளம்பரப் போட்டோல வீட்டு கேட்டுப் பக்கத்துல ஒரு வெள்ளை நாய் நிக்குதே. அதுவும் வருமா?"

"டச்சஸா? அவ வேட்டையிலேர்ந்து ரிட்டயர்டு மேடம். இப்ப வீட்டுக் காவல். தபால்காரன் கேட்டுக்கு வெளியிலேர்ந்துதான் தூக்கிப் போடுவான்."

"நல்லதாப் போச்சு. அதக் கூட்டிட்டு வராதீங்க. அவருக்குப் பெரிய நாய் பக்கத்துல நின்னா பிடிக்காது."

இரவுச் சாப்பாட்டின்போது ராய்ஸ் எல்லாவற்றையும் மனைவி நெல்டாவிடம் சொன்னான்.

"பன்னிய விட்டுப் புருஷனக் கொல்லப் பாக்குறா," என்றாள் நெல்டா, உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே. "மாட்டப்போறது நீ."

"வரலன்னு சொல்லிடவா?"

"அவ அனுப்புன பணம் நம்ம வண்டிக்கு டயராயிடுச்சு. டயரத் திருப்பி அனுப்புவியா?"

கூட்டிப் போன ஆள் செத்தால் என்ன ஆகும் என்று ராய்ஸுக்குத் தெரியும். அப்புறம் எந்தப் பண்ணைக்காரனும் தன் காட்டுக்குள் விட மாட்டான். மறுபடியும் எண்ணெய்க் கிணற்றில் குழாய் தூக்கப் போக வேண்டியதுதான். இளவயதில் செய்த வேலை. முதுகு இன்னும் அதை மறக்கவில்லை.

"டச்சஸக் கூட்டிட்டுப் போ," என்றாள் நெல்டா. "அவ வேணாங்குறான்னா அதான் வேணும். நானும் வரேன். நாளைக்குக் கேஸுன்னு வந்தா உன் பக்கம் சொல்ல ஒரு வாய் வேணும்ல."

சனிக்கிழமை காலை நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க்கில் வெல்டன் காத்திருந்தான். பெரிய தொப்பை, புது பூட்ஸ், யாரையும் சந்தேகிக்கத் தெரியாத முகம்.

"எம் பொண்டாட்டி தங்கம்," என்றான். "சாண்ட்விச் கட்டிக் குடுத்திருக்கா."

"குடுங்க, நான் வச்சிருக்கேன்," என்று நெல்டா வாங்கிக்கொண்டாள். ஓடையைக் கடக்கும்போது அது கைதவறித் தண்ணீரில் விழுந்தது.

கருவேலம் புதருக்குள் நாய்கள் ஒரு கிடாப்பன்றியை மடக்கிக் காதைக் கவ்விக்கொண்டன. ராய்ஸ் அதன் பின்னங்கால்களைத் தூக்கிப் பிடித்தான். டச்சஸ் வெல்டனின் முழங்காலோடு ஒட்டி நின்றது. வெல்டன் கண்ணை மூடிக்கொண்டு குத்தினான். பன்றி செத்தது. வெல்டனுக்கு ஒரு கீறலும் இல்லை.

"அவ்ளோதான் சார், கெளம்பலாம்," என்றான் ராய்ஸ்.

வெல்டன் போனைத் தட்டினான். பதில் வந்தது.

"முழுசா இருக்கேன், கெளம்புறோம்னு போட்டேன். அதுக்குள்ளயாங்குறா. இன்னொண்ணு பிடிக்கலாமே பாஸ்?"

ராய்ஸும் நெல்டாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னொன்று பிடித்தார்கள். வெல்டன் ஒன்றுக்குப் போனபோதும் டச்சஸ் கூடப் போனது.

பொழுது சாயும்போது பெட்ரோல் பங்க்குக்குத் திரும்பினார்கள். கார்லீன் ஒரு வாடகை வேனில் சாய்ந்து நின்றிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. வேனைப் பார்த்ததும் டச்சஸ் பல்லைக் காட்டி உறுமியது.

"நாய்க்குத் தெரியுது பாரு," என்று நெல்டா முணுமுணுத்தாள்.

ராய்ஸ் இறங்கிப் போய் கார்லீனின் கண்ணை நேராகப் பார்த்தான். "உங்க வீட்டுக்காரர முழுசா ஒப்படைக்கிறேன் மேடம். நாள் பூரா அவர விட்டு நாங்க யாரும் நகரல. டச்சஸும்தான்."

"அப்படித்தான் பாத்துக்குவீங்கன்னு நெனச்சேன்," என்றாள் அவள்.

ஏமாற்றத்தை நன்றாக மறைக்கிறாள் என்று ராய்ஸ் நினைத்துக்கொண்டான்.

வேனின் பின்பக்கம் பாரத்தில் தாழ்ந்து கிடந்தது. கதவு சரியாக மூடவில்லை. "கடைக்குப் போயிருந்தேன். கொஞ்சம் அதிகமா வாங்கிட்டேன்," என்றாள் கார்லீன். ராய்ஸ் தோளைக் கொடுத்துத் தள்ளிச் சாத்திவிட்டான். வெல்டன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். வேன் மெதுவாக நெடுஞ்சாலையில் ஏறியது.

"ஒரு உசுரக் காப்பாத்திட்ட," என்றாள் நெல்டா. வீடு வரும்வரை ராய்ஸ் விசிலடித்துக்கொண்டே ஓட்டினான்.

கேட்டின் சங்கிலி அறுந்து கிடந்தது. துப்பாக்கி அறையின் கதவு பெயர்ந்திருந்தது. உள்ளே துப்பாக்கியும் இல்லை, தொலைநோக்கியும் இல்லை. சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன. டச்சஸ் முகர்ந்து பார்த்துவிட்டு, வேனைப் பார்த்து உறுமிய அதே உறுமலை உறுமியது.

அப்போதுதான் ராய்ஸுக்குத் தோள் வலித்தது.