எட்டு மணி ஒரு நிமிடம்

"ஊசி எத்தினி மணிக்குப் போட்டீங்க?"

நர்ஸ் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"ஞாயித்துக்கெழம ராத்திரி எட்டு மணி ஒரு நிமிசம்." மூன்று முறையும் அதையேதான் சொன்னேன். எரிச்சலாக வந்தது.

வேறு எதில் வேண்டுமானாலும் என்னிடம் குறை காணலாம், இதில் முடியாது. அந்த ஊசி போட்டு முப்பத்தாறு மணி நேரத்தில் கருமுட்டையை எடுக்க வேண்டும், முன்னே பின்னே ஆனால் அத்தனையும் வீண் என்று டாக்டரம்மா வெள்ளிக்கிழமையே படித்துப் படித்துச் சொல்லித்தான் மருந்தைக் கொடுத்தனுப்பினார். ஆஸ்பத்திரிச் சுவர்க் கடிகாரத்தோடு என் செல்போனை ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் கள்ளக்குறிச்சியில் மலை பஸ் ஏறினேன். செல்போனில் நேரம் தானாகவே சரியாக இருக்கும் என்று என் மனைவி வளர்மதி வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள். இருக்கட்டும் என்று மூன்று அலாரமும் வைத்தேன்.

ஸ்கேனில் பதினொரு முட்டை தெரிந்தது. இன்று காலை சரியாக எட்டு மணிக்கு அவளை உள்ளே அழைத்துப் போனார்கள்.

ஒன்றுகூட வரவில்லை.

கல்யாணமாகி ஏழு வருடம். இந்த ஒரு தடவைதான், இதற்கு மேல் நம்மால் ஆகாது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டு வந்திருந்தோம்.

டாக்டரம்மா வெளியே வந்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

"நேரம் சரியாத்தான் இருக்கு. ஆனா ஊசி வேலையே செய்யல. மருந்த ஃப்ரிட்ஜுலதான வெச்சிருந்தீங்க?"

"ஃப்ரிட்ஜுலதாங்க இருந்திச்சு."

அது பொய்யில்லை.

உள்ளே போனேன். வளர்மதிக்கு மயக்கம் தெளிந்திருந்தது. யாரோ அதற்குள் சொல்லிவிட்டிருக்கிறார்கள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள்.

"நான்தாங்க. பயந்துகினு உங்க கைய தட்டி வுட்டேனே, அந்த ஒரு நிமிசம்தான் எல்லாத்தையும் கெடுத்துட்ச்சு."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் காலைப் போர்வையால் மூடிவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. வீரமுத்து அண்ணன் கடையில், சோடா பாட்டில்களுக்கு நடுவே மருந்தை வைத்திருந்தேன். சனிக்கிழமை காலை அவர் தங்கச்சி வீட்டுக் காதுகுத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பினார். அந்த அவசரத்திலும் மறக்காமல் வந்து கடைச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனார். தங்கமான மனுஷர்.

வெளியூர் போகும்போது கடையின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். அது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைத் தூக்கி, செல்போன் வெளிச்சத்தில் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். உள்ளே பல்பு எரியவில்லை. மருந்து டப்பா என் சட்டைப் பையில் கிடந்தது மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

ஒரு கணம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் மணியைப் பார்த்தேன். ஏழு ஐம்பது.

ஓடினேன்.