வெண்மையான வீழ்படிவு

சட்டைப்பையில் போன் மறுபடியும் அதிர்ந்தது. கோச்சடை வீட்டிலிருந்து மனைவி அற்புதமேரிதான். ஞானசீலன் சார் எடுக்கவில்லை. எக்ஸ்டர்னல் எக்ஸாமினராக வந்திருந்த பேயாண்டி சார், பவதாரிணியின் மேசை முன்னால் போய் நின்றிருந்தார்.

ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிகல். போன வருடம் இதே பேயாண்டி வாடிப்பட்டியிலிருந்து வந்து பாதிப் பிள்ளைகளின் மார்க்கில் கை வைத்துவிட்டுப் போனார்.

"இந்த வருஷமும் ஒரு பிள்ளைக்குக் குறைஞ்சா, நீங்க ஆறாங்கிளாசுக்குப் போயிருங்க சார்" என்று தலைமையாசிரியை சிஸ்டர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். காந்தத்தையும் இரும்புத் தூளையும் காட்டியே ரிட்டயர் ஆக ஞானசீலன் தயாராக இல்லை.

அதனால்தான் அந்தச் சின்னத் தப்பு. லேபில் உப்பெல்லாம் தீர்ந்துபோயிருந்ததால், கோரிப்பாளையம் மெடிக்கலில் மெக்னீசியம் சல்பேட் வாங்கினார். என்ன உப்பு வரப்போகிறது என்பதை முந்தின நாளே பிள்ளைகளிடம் காதோடு காதாகச் சொல்லியும் விட்டார். காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், சமையல் மேடையில் வைத்திருந்த பொட்டலத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"பேரியம் குளோரைடு ஊத்துனியே, என்ன வந்துச்சு?" என்றார் பேயாண்டி.

"வெண்மையான வீழ்படிவு சார்."

"எங்க, காட்டு."

பவதாரிணி டெஸ்ட் டியூபைத் தூக்கிப் பிடித்தாள். அதன் வழியாக ஜன்னல் கம்பியும் வெளியே நின்ற வேப்பமரமும் பளிச்சென்று தெரிந்தன. மூக்குக் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று ஞானசீலன் நினைத்துக்கொண்டார்.

பேயாண்டி டியூபைப் பார்த்தார். கையிலிருந்த விடைக்குறிப்பைப் பார்த்தார். மறுபடியும் டியூபைப் பார்த்தார்.

"ஆமா, பால் மாதிரி இருக்கு" என்றார். "சரி, மெக்னீசியம் சல்பேட் எதுக்குப் பயன்படும்?"

"பேதிக்குக் குடுப்பாங்க சார்."

பேயாண்டி சிரித்தேவிட்டார். கடைசிப் பெஞ்சு வரைக்கும் அதே உப்பு, அதே வீழ்படிவு, அத்தனை பேருக்கும் முழு மார்க்.

கிளம்பும்போது ஞானசீலனின் கையைப் பிடித்துக்கொண்டார். "என் சர்வீசுல இம்புட்டுச் சுத்தமான ரிசல்ட்ட நான் பாத்ததே இல்லண்ணே. ஒருநா எங்க ஸ்கூலுக்கு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுங்க."

ஞானசீலனுக்குக் கண் கலங்கிவிட்டது. உப்பின் பெயரைத் தானே சொல்லிக்கொடுத்தது கூட மறந்துபோய், தன்னைப்போல வாத்தியார் உண்டா என்று பூரித்துப்போனார். போன் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை சந்தோஷமாக எடுத்தார்.

"மேரி, ஆறாங்கிளாஸ் கண்டம் தப்பிச்சேன். எல்லாப் பிள்ளைக்கும் முழு மார்க்கு."

"மார்க்கு கிடக்கட்டுங்க. மேடையில இருந்த உப்பு எம்புட்டுப் போட்டும் ஏறலையேன்னு சாம்பார்ல நாலு கரண்டி போட்டேன், காலையிலருந்து உங்கப்பா கக்கூஸ விட்டு வெளியவே வரல."